ஊசிக்காதுக்கு அடுத்தது

ரெகுலேட்டர் பாதி மரை ஏறியதும் நின்றுகொண்டது. சண்முகப்பிரியா ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, சிலிண்டருக்கு இடது காலை முட்டுக் கொடுத்து அழுத்தினாள். கழுத்துப் பக்கம் புஸ்ஸென்று கசிவது நிற்கவில்லை. அவளுக்குப் பின்னால், கட்டிலில், அவள் அப்பா பொங்கியண்ணன் மூன்று தலையணைக்கு மேல் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி, ஒவ்வொரு மூச்சையும் ஆழத்திலிருந்து இறைப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தார்.

"இருங்கப்பா. ஆச்சு. இதா ஆச்சு."

ஆகவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றி, வாஷரைத் திருப்பிப் போட்டு, மறுபடியும் மரையேற்றினாள். இந்தத் தடவை கடைசிவரை ஏறியது. வால்வைத் திறந்ததும் தண்ணீர்க் குப்பியில் குமிழிகள் எழும்பின. மாஸ்க்கை அவர் முகத்தில் பொருத்தி, எலாஸ்டிக்கைக் காதுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அளவுமுள்ளைப் பார்த்தாள். பாதிக்குக் கீழே நின்றது.

காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட். பராமரிப்புக்கென்று மாதத்தில் ஒரு நாள் பெருந்துறை முழுவதும் நிறுத்துவார்கள். நாலு மணிக்கு மேல்தான் வரும். தெரிந்துதான் முந்தின நாளே ஈரோட்டில் இரண்டு சிலிண்டருக்குச் சொல்லி வைத்திருந்தாள். வந்தது ஒன்று, அதிலும் அரைவாசி. ஆக்சிஜன் மெஷினை இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கியது, அப்புறம் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிட்டது. இப்போது மணி பதினொன்றேகால். வீட்டுக்காரர் சரக்கோடு ஓசூர் போயிருந்தார். மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்.

ஃபோன் அடித்தது. அண்ணன் மோகன்குமார்.

"எப்படி இருக்கறாரு?"

"மூச்சு நெம்பத் திணறுதுங்கண்ணா. டாக்டருக்குச் சொல்லியிருக்கறன்."

"எந்த டாக்டரு? அந்த லட்சுமணசாமியா? அவரு என்ன சொல்வாரு, ஊட்லயே வெச்சுப் பாத்துக்கங்கம்பாரு. நான் ஆம்புலன்ஸ் எடுத்துட்டு வந்துட்டு இருக்கறன் அம்மணி. வென்டிலேட்டர், டாக்டர் எல்லாம் உள்ளயே இருக்குது. அவினாசி தாண்டியாச்சு."

"அண்ணா, அப்பாதான் வேண்டாம்னு…"

"நான் வர்ற வரைக்கும் பேசாம இரு." வண்டிக்குள் சைரன் சத்தம் கேட்டது. வைத்துவிட்டான்.

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன. யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க மூச்சு இல்லை. இருந்தாலும் அவருக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன்னால், இன்னும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிந்த ஒரு நாளில், டாக்டர் லட்சுமணசாமியை வீட்டுக்கு வரச் சொல்லி, அவர் முன்னாலேயே ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார் பொங்கியண்ணன். தொண்டையில் குழாய் போடக்கூடாது, மெஷினில் வைக்கக்கூடாது, ஊட்டை விட்டு வெளியே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. 'ஊட்டை' என்றுதான் எழுதச் சொன்னார். டாக்டர் 'வீட்டை' என்று திருத்தி எழுதினார். அந்தத் தாள் பீரோவில், அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. அண்ணனிடம் இன்னும் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். இன்றைக்கு இப்படி வந்து நிற்கிறது.

டாக்டரே திரும்பக் கூப்பிட்டார்.

"அந்தச் சொட்டு மருந்து நாக்குக்கு அடியில விட்டீங்களா? சரிங்க. விரல்ல மாட்டற மெஷினைக் கழட்டிருங்க. அந்த நம்பரைப் பாத்துட்டு நீங்க பதறுவீங்க, நீங்க பதறுனா அவரு பதறுவாரு. மூச்சு வேகமாகறதே பயத்துலதான் பாதி. அவருக்குப் புடிச்சது எதையாச்சும் பேசிட்டே இருங்க."

"எவ்வளவு நேரமுங்க டாக்டர்?"

"இன்னிக்கு சாயந்தரம் தாண்டறது கஷ்டமுங்க" என்றார்.

விரலிலிருந்து அதைக் கழற்றினாள். எழுபத்தொன்பது என்று காட்டிவிட்டு அணைந்தது. நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்குப் பிடித்தது என்ன என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா, தார் ரோட்டை உட்டு எறங்கியாச்சு" என்றாள். "மூணு முள்ளு மரம் வந்துருச்சு. வண்டி மேக்கால திரும்புது."

கண்கள் அவள் பக்கம் திரும்பின.

பொங்கியண்ணன் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர். லாரி ஓட்டியவர் அல்ல. பூமியில் துளை போடுகிற இயந்திரத்தை ஓட்டியவர். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாய்கிற ஊரில் பிறந்த மனிதர், தண்ணீரே இல்லாத ராஜஸ்தானத்து மணற்காட்டில், ஜெய்சல்மேருக்கும் மேற்கே, பதினாறு வருஷம் தண்ணீருக்காகத் துளை போட்டார். கல்லைக் கம்ப்ரெசர் காற்றால் பொடித்து மேலே தள்ளும்போது, மாவு மில்லில் நிற்பதுபோல வெள்ளையாக நிற்பார்களாம். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு. அந்தக் கல்மாவு பதினாறு வருஷமும் உள்ளே போய் நெஞ்சில் படிந்து, நுரையீரலையே கல்லாக்கிவிட்டது என்று எக்ஸ்-ரேயைத் தூக்கிப் பிடித்து ஒரு டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோதுகூடப் பொங்கியண்ணன் அந்த மணலைப் பற்றி ஒரு பொல்லாத சொல் சொல்லவில்லை.

ரோடு இல்லாத இடத்தில் ரிக்கை, அந்தத் துளை போடும் வண்டியை, ஓட்டிக்கொண்டு போக அடையாளம் வேண்டும். மணல்மேடு இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது. பாறையும் பள்ளமும்தான் மைல்கல். அவற்றுக்கு அந்த ஊர்க்காரர்கள் என்ன பேர் வைத்திருந்தார்களோ, இவர் தமிழில் பேர் வைத்து மனப்பாடம் செய்துகொண்டார். புது டிரைவர்களுக்கு அதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொடுப்பார்.

"சட்டிப்பாறை" என்றாள் பிரியா. "இடது கைப் பக்கம். கவுத்து வெச்ச சட்டி மாதிரி, அடி மட்டும் கரி புடிச்சு, கருகருன்னு. அம்மா பாத்துட்டு என்ன சொன்னாங்க? எவளோ சோத்தை அடிப்புடிக்க உட்டுப்போட்டு ஓடிப்போயிட்டாளாட்டம் இருக்குதுன்னாங்க."

மாஸ்க்குக்குள் அவர் வாய் விரிந்தது. இருமல் வந்துவிடுமோ என்று பயந்தாள். வரவில்லை.

அந்தக் கோடைக்கு அவளுக்குப் பத்து வயது. வருஷத்துக்கு ஒரு மாதம் மட்டும் வீட்டுக்கு வந்து போகிற அப்பா, அந்த வருஷம் ரிக் பழுதாகி, உதிரிபாகம் திருச்செங்கோட்டிலிருந்து வரக் காத்திருந்த நாட்களில், அம்மாவையும் அவளையும் ரயிலேறி வரச் சொல்லி எழுதினார். மூன்று நாள் ரயில். அண்ணன் வரவில்லை. பத்தாவது முடித்திருந்தான், டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, தோட்டத்தில் மாட்டைப் பார்க்கவும் ஆள் வேண்டும். அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அப்பா அவனுக்குத் தனிக் கடுதாசி போட்டார்.

அங்கே பன்னிரண்டு நாள் இருந்தார்கள். விடிகாலையில் ஒட்டக வண்டியில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஒரு இடம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊரில் வாயே திறக்காத அப்பா அங்கே ஓயாமல் பேசினார். ஊரில் இழுத்துப் போர்த்தியே நடக்கிற அம்மா அங்கே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறை ஏறினாள். அந்தப் பன்னிரண்டு நாளில்தான் தனக்கு அப்பா என்று ஒருவர் இருப்பது பிரியாவுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் ஒரு மணியார்டர் ஃபாரம்தான்.

"கல்மரம்" என்றாள். "படுத்துக் கெடக்குது. மரம்னு நெனச்சுத் தொட்டா கல்லு. நீங்க கணுவைக் காட்டுனீங்க, பட்டையைக் காட்டுனீங்க. ஒரு காலத்துல இங்க காடு இருந்துச்சு கண்ணு, காவிரிக்கரையாட்டம் இருந்துச்சுன்னீங்க. நான் நம்பல."

மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. தோள்பட்டை ஏறி இறங்குவது குறைந்தது. அளவுமுள்ளைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் ஒரு விரல்கடை இருந்தது.

"அக்கட்டால, ஊசிக்காது. ரெண்டாள் ஒசரப் பாறை. நடுவுல ஓட்டை. காத்து அறுத்த ஓட்டை. நான் சுளுவா நொழஞ்சுட்டன். அம்மா பாதி நொழஞ்சு இடுப்புல மாட்டிக்கிட்டாங்க. நீங்க அந்தப் பக்கம் நின்னு இழுக்கறீங்க, நான் இந்தப் பக்கம் நின்னு தள்றன். அம்மா சிரிக்கறாங்க. சிரிக்கச் சிரிக்க வயிறு உப்பி இன்னும் இறுகுது. சிரிக்காத, சிரிக்காதங்கறீங்க. நீங்களே சிரிச்சு உக்காந்துட்டீங்க…"

வாசலில் சைரன் அலறி, பாதியில் நின்றது.

மோகன்குமார் செருப்போடு உள்ளே வந்தான். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்ப் கம்பெனி வைத்திருப்பவன். பட்டறையிலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறான், சட்டையில் கிரீஸ் இருந்தது. அவனுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப்போடு ஒரு இளம் டாக்டரம்மா வந்தாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு டிரைவர் வந்தார்.

"டாக்டர் ஹிபா" என்று அந்தப் பெண் தன்னைச் சொல்லிக்கொண்டே அப்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சில் வைத்துக் கேட்டாள். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"தூக்கலாமுங்களா?" என்றான் மோகன்குமார்.

"அண்ணா, சித்தெ இருங்க." பிரியா எழுந்து கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் நடுவில் நின்றாள். "பீரோவுல ஒரு பேப்பர் இருக்குது. நான் உங்ககிட்ட முன்னாடியே காட்டியிருக்கணும். அப்பா கையெழுத்துப் போட்டது. ஆஸ்பத்திரி வேண்டாம்னு அவரே சொல்லிப்போட்டாரு."

"நீ வாங்குன கையெழுத்து."

"நான் வாங்கலீங்க. அவரா…"

"மூச்சுக்கே வழியில்லாத மனுசங்கிட்டப் பேப்பரை நீட்டுனா எதுல வேண்ணாலும் போடுவாரு. அப்படியே கெடக்கட்டும்னு உட்டுப்போட்டு நீ பக்கத்துல உக்காந்து கதை சொல்லு. வாசல்ல கேட்டுட்டுத்தான் வந்தன். ஊசிக்காது, உலக்கைன்னு. அந்த மண்ணுதான் அவர் நெஞ்சை அடைச்சுக் கொல்லுது. அதுக்கு நீ தாலாட்டுப் பாடறயா?"

"அண்ணா, மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவாப் பேசணும்?" குரல் உடைந்து ஏறியது. "அம்மாளுக்கு வயித்துவலி வந்தப்ப ஊட்ல யாரு இருந்தா? நீ தூங்கிட்டு இருந்த. நான் பதினேழு வயசுல சைக்கிளை மிதிச்சுக் கோபி போயி, ஒவ்வொரு ஊட்டுக் கதவா தட்டி ஒரு காரைக் கூட்டிட்டு வந்தன். வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. தந்தி போயி, இவரு அஞ்சாம் நாள் வந்து நிக்கறாரு. கொள்ளி நான் வெச்சன். அன்னிக்கு வண்டி இல்ல பிரியா. இன்னிக்கு வண்டி இருக்குது. வாசல்ல நிக்குது. ஏத்தாம உடுன்னா எப்படி உடறது?"

டிரைவர் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அண்ணன் இதை இப்படி வாய்விட்டுச் சொல்லிப் பிரியா கேட்டதில்லை. மாதம் தவறாமல் வருவான். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவுக்கு எதிரிலேயே அவளிடம், "சாப்ட்டாரா? மாத்திரை போட்டாரா?" என்று கேட்பான். அவரைப் பார்த்து நேராக ஒன்று கேட்டு அவள் பார்த்ததில்லை. அவரும் அவளிடமே, "சாப்ட்டேன்னு சொல்லு கண்ணு" என்பார்.

கட்டிலில் அசைவு தெரிந்தது. பொங்கியண்ணன் மாஸ்க்கை விலக்க முயன்றுகொண்டிருந்தார். விரல்களுக்கு எலாஸ்டிக் அகப்படவில்லை. பிரியா குனிந்தாள். ஆனால் அவர் பார்த்தது அவளை இல்லை.

"போலாம்…" என்றார். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "போலாம் வா, மோகனா."

பிரியா நிமிர்ந்தாள். 'நீங்கதானப்பா வேண்டாம்னீங்க' என்று நாக்குவரை வந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் மணிக்கட்டை ஒரு தடவை அழுத்தினார். மன்னிப்பும் அல்ல, சமாதானமும் அல்ல. எத்தனையோ தடவை சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, போதும் கண்ணு என்று சொன்ன அதே அழுத்தம். அவள் நகர்ந்து வழி விட்டாள்.

தூக்கும்போது அவர் ஒன்றுமே கனக்கவில்லை. பதினாறு வருஷம் இரும்புக் குழாய்களைத் தோளில் ஏற்றிய உடம்பு.

ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் டாக்டரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். மோகன்குமார் தயங்கி நின்றான். "நீ ஏறிக்கறயா?" என்று கேட்டான். பிரியா தலையாட்டி மறுத்துவிட்டு, பீரோவிலிருந்து எடுத்த கைப்பையோடு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் அப்துல் குத்தூஸ் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவிலிருந்த கண்ணாடிச் சன்னலை நகர்த்தித் திறந்து வைத்தார்.

"இப்படியே இருக்கட்டுங்க. பேசிக்கலாம்" என்றார்.

வண்டி பைபாஸில் ஏறியதும் சைரன் மறுபடி அலறத் தொடங்கியது. முன்னால் போன கார்கள் ஒதுங்கின. விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் தடைக்கட்டை தூக்கியே இருந்தது; வேகம் குறையாமல் கடந்தார்கள். பிரியா உடம்பைத் திருப்பிச் சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் மூச்சு மறுபடி ஏறியிருந்தது. கை ஸ்ட்ரெச்சரின் விளிம்பைத் தேடித் தேடிப் பிடித்து, வழுக்கி விழுந்தது. மோகன்குமார் இரண்டு முழங்காலிலும் கையை ஊன்றிக்கொண்டு, அந்தக் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தொடவில்லை.

"அண்ணா, வழி சொல்லுங்க."

"எந்த வழி?"

"மணல்ல போற வழி. பாதில நிக்குது. சொன்னா மூச்சு இறங்குது."

"எனக்கென்ன தெரியும்? நானா போனன்?" என்றான். 

செங்கப்பள்ளிப் பாலம் ஏறி இறங்கியது. எதிர்ச் சாரியில் கோழி வண்டி ஒன்று இறகுகளைப் பறக்கவிட்டுக்கொண்டு போனது. டாக்டர் ஹிபா எதையோ திருகினாள். மானிட்டர் சத்தம் போட்டது, அதை நிறுத்தினாள்.

"ஊசிக்காதுக்கு அடுத்தது உப்புத்தரை" என்று பின்னாலிருந்து மோகன்குமாரின் குரல் கேட்டது.

பிரியா சன்னலுக்கு இன்னும் நெருங்கினாள்.

"உப்புத்தரைங்கப்பா" என்றான், சற்றுக் குனிந்து. பழக்கமில்லாத ஒருவரிடம் விலாசம் கேட்பவனைப் போலிருந்தது குரல். "ஆறு மைலு. வெள்ளை வெளேர்னு. பாலைக் கொட்டுனாப்பல. பகல்ல வண்டி ஓட்டுனா கண்ணு கூசும், பொழுதோடதான் ஓட்டணும். ஓரத்துல ஈரம் இருக்கும், டயர் எறங்கிரும், நடுவுலயே போகணும். லெட்டர்ல எழுதியிருந்தீங்க." நிறுத்தினான். "அத்தனை லெட்டரும் வெச்சிருக்கறன்."

பொங்கியண்ணனின் கை மறுபடி விளிம்பைத் தேடியது. இந்தத் தடவை மோகன்குமார் அதைப் பிடித்துக்கொண்டான். கிரீஸ் படிந்த தன் விரல்களுக்குள் அதை வைத்து மூடினான்.

"அதுக்கு அக்கட்டால…" அவன் சன்னல் பக்கம் திரும்பினான். "அக்கட்டால என்ன பிரியா? லெட்டர்ல அதோட முடிஞ்சு போச்சு."

"கூப்பிடு பள்ளம்" என்றாள்.

"என்னது?"

"ரெண்டு பக்கமும் செம்பாறை, நடுவுல பள்ளம். உள்ள நின்னு கத்துனா திரும்பக் கத்தும். மூணு தடவை, நாலு தடவை. நான் என் பேரைக் கத்துனன். அம்மா கூச்சப்பட்டுட்டு, கோழியைக் கூப்புடறாப்பல பா பான்னாங்க." சைரன் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டுமென்று சன்னலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். இதை அவள் அண்ணனிடம் சொன்னதே இல்லை. சின்ன வயதில் பொறாமை. வயதான பிறகு சொல்ல ஒரு சந்தர்ப்பம் அமையவில்லை. "அப்பா உங்க பேரைக் கத்துனாரு. மோகனா, மோகனான்னு. வந்த நாள்ல இருந்து கிளம்பற நாள் வரைக்கும், அந்தப் பக்கம் போனாப் போதும், எறங்கிப் போயிக் கத்திட்டு வருவாரு. எனக்குக் கோவமா வரும். என் பேரை ஒருக்காக்கூடக் கத்தலீங்க."

மோகன்குமார் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் கண்கள் பாதி மூடியிருந்தன. கேட்டாரா என்று தெரியவில்லை.

"சார்" என்றாள் டாக்டர் ஹிபா. மெதுவாகத்தான் சொன்னாள். "ஆக்சிஜன் அறுபதுக்குக் கீழ போயிருச்சு. டியூப் போடறதுன்னா வண்டியை ஓரம் கட்டணும். இப்பவே சொல்லணும் சார். அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொன்னீங்கன்னா பிரயோஜனம் இல்ல."

அப்துல் குத்தூஸ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வேகத்தைக் குறைத்து, இடது சாரிக்கு வந்தார்.

மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைப் பிரியாவின் விரல்கள் பிடித்திருந்தன. தாள் அதற்குள் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். கையெழுத்தும் தேதியும் டாக்டரின் முத்திரையும் இருந்தன, ஹிபா அதை மீற மாட்டாள். அண்ணன் சன்னல் வழியாக அவளைப் பார்த்தான். நாற்பத்தைந்து வயது ஆளுடைய பார்வையாக அது இல்லை. அவள் ஜிப்பைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

"வேண்டாமுங்க டாக்டர்" என்றான் மோகன்குமார். அப்பா பக்கம் திரும்பிக்கொண்டு, "இப்படியே இருக்கட்டும்" என்றான்.

ஹிபா தலையசைத்தாள். கையில் எடுத்ததைத் திரும்ப உறைக்குள் வைத்தாள்.

"நிறுத்தட்டுங்களா சார்?" என்று கேட்டார் அப்துல் குத்தூஸ்.

"போங்க."

வண்டி மறுபடி வேகமெடுத்தது. மோகன்குமார் அப்பாவின் காதுப் பக்கம் நன்றாகக் குனிந்துகொண்டான். "பள்ளத்துக்கு அக்கட்ட என்ன?" என்றான்.

"அக்கட்ட ரிக் நிக்கற எடம்தாங்கண்ணா" என்றாள் பிரியா. "ஒரு பத்து ஊடு. நாங்க இருந்தப்பத்தான் சாமான் வந்து வேலை ஆரம்பிச்சாங்க. கடைசி நாளு. ஊரே பாத்திரத்தைத் தூக்கிட்டு வந்து நின்னுச்சு."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. நானூத்தி எம்பது அடியில. உப்பு. வாயில வைக்க முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. குழாயைக் கழட்டிட்டு வேற எடம் பாக்கப் போனாங்க. நாங்க ரயிலுக்கு வந்துட்டோம்."

மோகன்குமார் சிரித்தான் போலிருந்தது. மூக்கால் வந்த ஒரு சின்னச் சத்தம். "உப்புத் தண்ணிக்குத்தான் இத்தனை தூரம் போனீங்களாப்பா?" என்று கேட்டான்.

அவரிடமே கேட்டான். அவர் முகத்தைப் பார்த்து, பதில் வரும் என்று எதிர்பார்க்கிறவனைப் போல, குனிந்தபடியே காத்திருந்தான். மாஸ்க்கின் உட்புறம் பனி படர்ந்தது. மறைந்தது. மறுபடி லேசாகப் படர்ந்தது. பிரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்தது. அவள் காத்திருந்தாள். பிளாஸ்டிக் தெளிவாகவே இருந்தது.

ஹிபா கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். கண் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மோகன்குமாரின் தோளில் கையை வைத்தாள். அவன் நிமிரவில்லை.

அப்துல் குத்தூஸுக்கு யாரும் சொல்லவில்லை. அவராகவே கண்ணாடியில் பார்த்து, கையை நீட்டி ஒரு சுவிட்சைத் தட்டினார். சைரன் நின்றது. அத்தனை நேரம் அது இருந்ததே, நின்ற பிறகுதான் தெரிந்தது. டயரின் சத்தமும், எங்கேயோ ஒரு திருகாணி ஆடுகிற சத்தமும் கேட்டன.

சிறிது தூரம் போன பிறகு, "பெருமாநல்லூர் பாலத்துக்குக் கீழ வீட்டுக்குத் திரும்பிரலாங்களா?" என்று கேட்டார். பிரியாவிடம்தான் கேட்டார்.

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள். அண்ணன் அப்பாவின் கையை விடாமல், தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"சித்தெ தூரம் போகட்டுமுங்க" என்றான் உள்ளிருந்து.

பாலம் வந்தது. அப்துல் குத்தூஸ் கீழே இறங்கும் பாதையை விட்டு நேராகப் போனார். முன்னால் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று பாரம் தாங்காமல் ஊர்ந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை அது ஒதுங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போனது. அவர் முந்தப் பார்க்கவில்லை. வேகத்தைக் குறைத்து, லாரியின் பின்னாலேயே, அதன் போக்கிலேயே ஓட்டினார். காற்றில் மட்டைத் தும்புகள் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. அவர் ஒரு தடவை வைப்பரைப் போட்டு, நிறுத்திவிட்டார்.